கூடத்து ஹைஃபைக்கு டேக்: கேட்டதும் அளந்ததும்

செட் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய ஸ்டீரியோ ஆம்ப், ஷெல்ஃபில் நிற்கும் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஒரு சிடி பிளேயர். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டின் கூடம், தரை முழுக்க டைல்ஸ். லேப்டாப்பில் சேர்த்து வைத்திருக்கும் பாட்டு, டிவி, சிடி மூன்றும் இந்த ஸ்பீக்கரில்தான் வர வேண்டும். ஆம்ப்பில் டிஜிட்டல் இன்புட் கிடையாது. அதனால் நடுவில் ஒரு டேக் (DAC, டிஜிட்டல் ஒலியை ஆம்ப்புக்குப் புரியும் அனலாக் மின்னலையாக மாற்றும் பெட்டி) தேவைப்பட்டது.

டேக் என்று பேச்செடுத்தாலே எல்லாரும் உள்ளிருக்கும் சில்லில்தான் (சிப்) தொடங்குகிறார்கள். ஈஎஸ்எஸ், ஏகேஎம் இரண்டும் சில்லு செய்யும் கம்பெனிகள்; ஆர்2ஆர் என்பது மின்தடைகளை ஏணி மாதிரி அடுக்கி மாற்றும் வகை. ஈஎஸ்எஸ் என்றால் கூர்மை, ஏகேஎம் என்றால் மென்மை, ஆர்2ஆர் என்றால் உயிர்ப்பு. ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரி அடித்துச் சொல்கிறார்கள். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் இருந்த ஏகேஎம் ஆலை தீப்பிடித்து உற்பத்தி நின்றபோது, பல கம்பெனிகள் பலகையைத் திருத்திக்கொண்டு ஈஎஸ்எஸ் சில்லுக்கு மாறின. சில்லு மாறியும் பெட்டிகள் தொடர்ந்து விற்றன. சில்லுக்குப் பின்னால் இருக்கும் அனலாக் பகுதி, நேரத்தைப் பிசகாமல் எண்ணும் கடிகாரச் சுற்று, பவர் சப்ளை இவற்றுக்கும் பங்கு உண்டு என்பதால் சில்லின் பெயரை வைத்து முடிவெடுப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டேன்.

பெட்டியில் ஒட்டியிருக்கும் 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் ஸ்டிக்கரையும் அப்படியே தள்ளிவைத்தேன். சிடியின் 16 பிட் ஏறக்குறைய 96 டெசிபெல் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். 44.1 கிலோஹெர்ட்ஸ் என்பது 22.05 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பிடிக்கும். என்னிடம் இருப்பதில் பெரும்பகுதி எண்பதுகளின் திரைப்பாட்டு, நாடாவில் பதிவானது. அந்த நாடாவின் இரைச்சலே சிடியின் இரைச்சல் மட்டத்துக்கு வெகு மேலே நிற்கிறது. அதற்கு 32 பிட் எதற்கு?

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலுக்கும் போய்ப் பார்த்தேன். தாமான் ஜெயா எல்ஆர்டியில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். ஆடியோ கடைகளும் இசைத்தட்டுக் கடைகளும் இருக்கும் இடம், வார இறுதியில் பழைய பொருள் சந்தை வேறு. கம்பளம் விரித்த அறையில், என் வீட்டு ஸ்பீக்கரைவிடப் பல மடங்கு விலையுள்ள ஸ்பீக்கரில் ஒரு டேக்கைக் கேட்டு அதன் குணத்தைச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் பெட்டியின் அளவு, பொத்தானின் அழுத்தம், டிஸ்பிளே எழுத்து தூரத்தில் தெரிகிறதா என்பதெல்லாம் கடையில்தான் தெரியும். கடைக்கார அங்கிள், "எக்ஸ்எல்ஆர் இருக்கிறதை எடு, 4 வோல்ட் வரும்லா" என்றார். அந்த மூன்று முள் எக்ஸ்எல்ஆர் பிளக்குக்கு என் ஆம்ப்பில் துளையே இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் சொன்ன வோல்ட் கணக்கு முக்கியமானது. ஆர்சிஏ (வழக்கமான சிவப்பு, வெள்ளை முனை வயர்) வழியாக வரும் லைன் அவுட் வழக்கமாக 2 வோல்ட், சிடி பிளேயர் காலத்துப் பழக்கம். எக்ஸ்எல்ஆரில் அது 4. ஆப்பிளின் சின்ன யூஎஸ்பி-சி ஹெட்ஃபோன் டாங்கிள் (அதுவும் ஒரு குட்டி டேக்தான்) தருவது சுமார் 1 வோல்ட் (ஐரோப்பாவுக்கான வகையில் அதிலும் பாதி). வோல்ட் இரட்டித்தால் 6 டெசிபெல் கூடும். கொஞ்சம் சத்தமாக வருவதைக் காது 'தெளிவு', 'ஆழம்' என்றெல்லாம் எடுத்துக்கொள்ளும். ஆம்ப் வால்யூமைத் தொடாமல் இரண்டு டேக்கை மாற்றி மாற்றிப் போட்டால் பெரும்பாலும் வோல்ட் கூடியதுதான் ஜெயிக்கும்.

அதனால் சத்தத்தைச் சமப்படுத்தாமல் எதையும் ஒப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஜாலான் பாசாரில் வாங்கிய மலிவு மல்டிமீட்டர் போதும். ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டைப் பார்க்க வேண்டியதுதான். இங்கே ஒரு சின்ன சங்கதி. மலிவு மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் ஏசியைச் சரியாகக் காட்டும், 1 கிலோஹெர்ட்ஸ் டோன் போட்டால் எண்ணை நம்ப முடியாது. 50 ஹெர்ட்ஸ் போட்டால் நம் ஊர் கரண்டின் ஹம்மோடு கலந்துவிடும். 60 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை உருவாக்கி சிடியில் எழுதி வைத்துக்கொண்டேன். 0.1 டெசிபெல் என்றால் வோல்ட்டில் ஏறக்குறைய 1.2 சதவீதம். ஒன்று 1.00 காட்டும்போது மற்றது 1.01-ல் நின்றால் நல்லது. எனக்கு 1.02 வரை வந்தது, வால்யூம் படிகள் அதற்கு மேல் நெருங்க விடவில்லை.

ஒப்பிட்டவை இரண்டு. கெப்போங் நண்பர் இரவல் கொடுத்த ஃபியோ கே11 ஆர்2ஆர் ஒன்று. டாப்பிங் ஈ30 மார்க் 2 மற்றொன்று, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற பேச்சோடு வாங்கிய செகண்ட் ஹேண்ட், உள்ளே ஏகேஎம் சில்லு. சிடி பிளேயரில் ஒளி வழி ஆப்டிகல், செப்பு வயர் வழி கோஆக்ஸியல் என்ற டிஜிட்டல் அவுட் இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வரும். ஒன்றை ஃபியோவுக்கும் மற்றதை டாப்பிங்குக்கும் கொடுத்து, இரண்டின் ஆர்சிஏவையும் ஆம்ப்பின் ஆக்ஸ், டியூனர் துளைகளில் செருகினேன். இப்போது ஒரே சிடி ஒரே நொடியில் இரண்டு டேக்கிலும் ஓடுகிறது, செலக்டரைத் திருப்பினால் போதும். கேபிளைக் கழற்றி மாட்டுவதற்குள் காது மறந்துவிடும் என்ற தொல்லை இல்லை. செலக்டர் அக்கா மகன் பொறுப்பு. நான் ஆம்ப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வேன்.

"மாமா, இப்ப எது?"

ஃபியோவில் ஓவர்சாம்ப்ளிங் (நடுவே புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்பி அலையை வழவழப்பாக்கும் முறை) போட்டிருக்கும்வரை என்னால் சொல்ல முடியவில்லை. நாதஸ்வரம், தவில், பெண் குரலுக்குப் பின்னால் ஓடும் தம்புரா எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. இதுதான் என்று நான் உறுதியாகச் சொன்னதும் நாணயம் சுண்டிப் பார்ப்பதும் ஒன்றாகத்தான் இருந்தன. இடம் மாறி உட்கார்ந்த அக்கா மகனுக்கும் அதே கதி, அவன் காது இளசாக இருந்தும்.

என்ஓஎஸ் முறைக்கு மாற்றியதும் கதை வேறு. ஓவர்சாம்ப்ளிங் இல்லாமல் படிப்படியாக வரும் அலையை அப்படியே வெளியே விடுவது அந்த முறை. 44.1 கிலோஹெர்ட்ஸ் சிடியில் இதன் கணக்குப்படி 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபெல் அளவும், 20 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபெலுக்குச் சற்று மேலும் குறையும். ஜால்ராவில் உடனே தெரிந்தது, ஓசை கொஞ்சம் துணி போர்த்தி வந்தது. வயலின் கத்துகிற சில பழைய திரைப்பாட்டு சிடிகளுக்கு அது இதமாகவே இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். தம்புராவில் மட்டும் பளபளப்பு போய்விட்டது போல் பட்டது. ஆர்2ஆரின் 'உயிர்ப்பு' என்று சொல்லப்படுவதில் ஒரு பங்காவது இந்த ட்ரெபிள் குறைவுதான் என்பது என் எண்ணம். ட்ரெபிள் குறைக்க ஆம்ப்பிலேயே ஒரு குமிழ் இருக்கிறது.

டாங்கிளையும் விட்டுவைக்கவில்லை. லேப்டாப்பில் ஃபூபார் என்ற பிளேயர் வழியாக, அதே மீட்டர் முறையில், டாப்பிங்கின் அளவை 6 டெசிபெல் குறைத்துச் சமப்படுத்தினேன். இங்கேயும் பிடிக்க முடியவில்லை. கைப்பிடி அளவுகூட இல்லாத வயர் இது. ஒரே ஒரு லேப்டாப் மட்டும் போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றே சொல்வேன்.

எனக்குப் பெரிய தலைவலி கொடுத்தது ஹம். லேப்டாப்பை யூஎஸ்பியில் மாட்டி சார்ஜரும் செருகினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று அடியில் ஒரு முனகல். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். சார்ஜரின் எர்த்தும் ஆம்ப்பின் எர்த்தும் யூஎஸ்பி, ஆர்சிஏ வயர்களின் ஷீல்டு வழியாகச் சேர்ந்து வளையம் போடுகிறது. எந்த விலை டேக்கை நடுவில் வைத்தாலும் யூஎஸ்பியில் தனிமைப்படுத்தும் ஏற்பாடு இல்லையென்றால் இது வரலாம். ஆம்ப்பின் எர்த் வயரைத் துண்டிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது, உயிருக்கு ஆபத்து. லேப்டாப்புக்குப் பதில் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியை வைத்து, மூட் (moOde) என்ற இசை மென்பொருளை ஏற்றினேன். அதன் அடாப்டரில் எர்த் முள் வெறும் பிளாஸ்டிக், சுவர்ப் பிளக் துளையின் ஷட்டரைத் திறக்க மட்டும்தான். வளையம் அறுந்தது, முனகலும் போனது. மூட் ஓடுவது லினக்ஸில் என்பதால் டேக்குக்குத் தனி டிரைவரும் வேண்டியிருக்கவில்லை.

டிவி பக்கம் ஆப்டிகல். அது பிளாஸ்டிக் இழையில் போகும் ஒளி, மின் தொடர்பே கிடையாது, அதனால் ஹம்முக்கு வழியில்லை. ஆனால் டிவி அமைப்பில் டிஜிட்டல் அவுட்டைச் சுருக்கப்படாத ஒலியான பிசிஎம் என்று மாற்ற வேண்டும். ஆட்டோவிலோ டால்பியிலோ விட்டால் இந்த மாதிரி ஸ்டீரியோ டேக்கால் அதைப் பிரிக்க முடியாது, சத்தம் வராது, அல்லது இரைச்சல் வரும். டேக் கெட்டுவிட்டது என்று சிலர் நினைப்பது இதனால்தான்.

கடைசியில் முடிவைச் சொன்னவர் அம்மா. சாயங்கால நாடகத்துக்கு டிவி சத்தம் வர வேண்டும், சமையல் நேரத்தில் ராஸ்பெரி பை வழியாக மின்னல் எஃப்எம் வானொலி வர வேண்டும். "எந்தப் பட்டன அமுக்கணும், அத மட்டும் சொல்லுடா" என்றார். டாப்பிங்கின் ரிமோட்டில் இன்புட் மாற்றும் பொத்தானில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். அன்றே பழகிக்கொண்டார். எஸ்எம்எஸ்எல் எஸ்யூ-1 இன்னும் மலிவு, இன்புட் மூன்றும் அதிலும் உண்டு, ஆனால் மாற்றுவதற்கு எழுந்து போய்ப் பெட்டியைத் தொட வேண்டும். டாப்பிங்கே வீட்டில் தங்கிவிட்டது. ஃபியோ நண்பரிடம் திரும்பிப் போயிற்று, அதிலிருக்கும் ஹெட்ஃபோன் ஆம்ப் எனக்குத் தேவையில்லை.

இப்போதைய அமைப்பு: ராஸ்பெரி பை யூஎஸ்பியில், டிவி ஆப்டிகலில், சிடி பிளேயர் கோஆக்ஸியலில். டாப்பிங், சத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப் முறையில் இல்லாமல் டேக் முறையில் நிற்கிறது, சத்தத்தை ஆம்ப் குமிழே பார்த்துக்கொள்கிறது. மாலையில் இடி தொடங்கினால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுகிறோம், ராஸ்பெரி பையில் செருகிய நெட்வொர்க் கேபிள் உட்பட. கோலாலம்பூர் இடிக்கு வேறு வழியில்லை.

மிச்சமிருக்கும் பட்ஜெட் கூடத்துக்கு. கை தட்டினால் டைல்ஸிலும் எதிர்ச்சுவரிலும் பட்டு 'டிர்ர்' என்று திரும்பி வருகிறது. தடித்த கம்பளம் ஒன்று, ஜன்னலுக்குக் கனமான திரை, ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்து இன்னும் ஒரு அடி முன்னால். ஒரு அடி முன்னால் வந்தால் நடக்கிற வழி அடைபடும் என்று வீட்டம்மா சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.