செவலையின் இடது முன்னங்கால்

செவலை என்ற நாய் எங்களிடம் வந்தபோது அதற்கு நான்கு வயதிருக்கலாம் என்று கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொன்னார். அந்த நான்கு ஆண்டுகளில் பெரும்பகுதியை அது ஒரு குட்டைச் சங்கிலியின் முனையில் கழித்திருக்கிறது என்பதற்கு, கழுத்தைச் சுற்றி மயிர் முளைக்காமல் கிடந்த வளையம் சாட்சியாக இருந்தது. முதல் வாரம் அது குரைக்கவில்லை, எதையும் கிழிக்கவில்லை, விட்ட இடத்திலேயே படுத்திருந்தது. எவ்வளவு சாதுவான நாய் என்று வந்தவர்கள் பாராட்டியபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அது சாது அல்ல, அசையவே அஞ்சுகிறது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

இரண்டாம் வாரம் அதன் இடது முன்னங்காலில், பாதத்துக்குச் சற்று மேலே, எச்சிலால் நனைந்து சிவந்திருந்த ஒரு திட்டைக் கண்டேன். பத்தே நாளில் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, நடுவில் சதை தெரியும் புண்ணாக அது மாறிவிட்டது. நக்குவதோடு நில்லாமல் முன்பற்களால் கடித்துப் பிய்க்கவும் தொடங்கியிருந்தது. அதைக் காணும்போதெல்லாம் நான் "விடு!" என்று அதட்டினேன், உடனே நிறுத்திவிடும். அதட்டல் பலிக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு நள்ளிரவில், கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த ஈரச் சத்தம் கேட்டது. நக்குவதை அது விடவில்லை, என் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மனக்கலக்கம் என்று நாமாகவே முடிவு கட்டிவிடக் கூடாது என்பதை மருத்துவர் முதலிலேயே தெளிவுபடுத்தினார். ஒவ்வாமை, தெள்ளுப்பூச்சி, மூட்டு வலி, தோலுக்குள் சிக்கிய முள், நரம்புக் கோளாறு என்று இதே புண்ணுக்கு இட்டுச்செல்லும் காரணங்கள் பல. எலும்புக்கான எக்ஸ்ரேயும் தோல் பரிசோதனையும் முடிந்தபோது, தொடக்கம் எதுவாக இருந்தாலும், புண்ணின் ஆழத்தில் கிருமித்தொற்று வேரூன்றிவிட்டது என்பது தெரிந்தது. தொற்று அரிப்பைத் தருகிறது, அரிப்பு நக்கத் தூண்டுகிறது, நக்கினால் தொற்று இன்னும் ஆழமாகிறது. இந்தச் சுழலை அறுக்காமல் அன்பை மட்டும் கொட்டினால் பயனில்லை என்றார். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் நாள்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் தேவைப்பட்டன. வீட்டிலிருந்த களிம்பை எடுத்துத் தடவ இருந்த என்னை அவர் தடுத்ததற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்: நாய்க்குப் பூசுவதெல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் போகும், துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்புகள் அதற்கு நஞ்சு.

புண் ஆறுவதற்காகக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டினோம். தேவையான பொருள்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் கூம்போடு செவலை இருந்த விதம் என்னைச் சங்கடப்படுத்தியது. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, வெயிலே இல்லாதபோதும் வாயைத் திறந்து மூச்சிரைக்கும். கூம்பைக் கழற்றினால் அடுத்த நிமிடமே வாய் காலுக்குப் போகும். கூம்பு வாயைத்தான் மறித்தது, வாயைக் காலுக்கு அனுப்பிய அச்சத்தை அதனால் மறிக்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் 1967-ல் செலிக்மன், மேயர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட, நாய்களை வைத்து நடத்தப்பட்ட கொடுமையான ஓர் ஆய்வு எனக்கு நினைவுக்கு வந்தது. மின்னதிர்ச்சியைத் தலையால் பலகையை அழுத்தி நிறுத்த முடிந்த நாய்கள், பின்னர் வேறொரு பெட்டியில் தடுப்பைத் தாண்டித் தப்பக் கற்றுக்கொண்டன. அதே அளவு அதிர்ச்சியைப் பெற்றும், எதைச் செய்தும் அதை நிறுத்த முடியாமலிருந்தவற்றில் பெரும்பாலானவை, தாண்டினால் தப்பலாம் என்ற நிலையிலும் படுத்துக் கிடந்தன. வலி இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான். தன் செயலுக்குப் பலன் உண்டு என்ற அனுபவம் ஒன்றுக்குக் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. சங்கிலியின் முனையில் செவலையின் கைவசம் இருந்தது எது என்று எண்ணிப் பார்த்தேன். அதன் சொந்தக் கால் ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொள்வதற்கு முன்னால் வேறு சிலவற்றை நான் கொடுத்திருக்க வேண்டும்.

ஆகவே சிறியவற்றிலிருந்து தொடங்கினோம். மேசைக்கு அடியில் ஒரு படுக்கை விரித்து, அங்கே இருக்கும்போது யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். தடவிக்கொடுத்தால் மூன்று விநாடியில் கையை எடுத்துவிடுவேன். அது சாய்ந்து வந்தால் மீண்டும் தடவுவேன், முகத்தைத் திருப்பினாலோ உதட்டை நக்கினாலோ விட்டுவிடுவேன். மார்புப் பட்டையை மாட்டாமல் வளையமாக நீட்டிப் பிடித்துக் காத்திருப்பேன். அது தானாகத் தலையை நுழைக்கப் பதினெட்டு நாட்கள் ஆயின. பதினெட்டாம் நாள் நான் யாரிடமும் சொல்லாமல் சற்று அழுதேன். நடக்கும்போது முச்சந்தியில் நின்று, எந்தப் பக்கம் என்பதை அதன் மூக்கிடம் விட்டேன். அஞ்சும் நாயை அணைத்தால் அச்சம் வளரும் என்று அறிவுரை சொன்னவர்கள் சிலர். அச்சம் ஓர் உணர்ச்சி, தந்திரம் அல்ல, ஆறுதலால் அது பெருகுவதில்லை. நாய் விரும்பி வந்தால் அணைத்துக்கொள்ளலாம்.

இதற்கிடையே ஒரு குறிப்பேட்டில் நேரத்தையும் நக்குவதற்கு முன் நடந்ததையும் எழுதிவந்தேன். மூன்று வாரம் கழித்துப் புரட்டியபோது, பெரும்பாலும் ஏதோவொரு உலோகச் சத்தம் முன்னால் இருந்தது: சாவிக்கொத்து, வெளிக்கதவின் தாழ்ப்பாள், கீழே விழுந்த கரண்டி. அதைவிட முக்கியமான இன்னொன்றும் இருந்தது. சத்தம் மட்டும் வந்த நாட்களில் அது பல நேரம் சமாளித்திருக்கிறது; விருந்தினர், தூக்கக் குறைவு, சத்தம் என ஒரே நாளில் சேர்ந்தபோதுதான் கால் ரத்தம் கண்டிருக்கிறது. சாவிச் சத்தத்தைக் கைபேசியில் பதிந்து, காதுக்குக் கேட்டும் கேட்காத அளவில் ஒலிக்கவிட்டு, அது ஓய்ந்தவுடன் தின்பண்டம் கொடுக்கத் தொடங்கினேன். வரிசை மாறக் கூடாது: சத்தம் முதலில், தின்பண்டம் பிறகு. மாறினால் தின்பண்டமே அபாய அறிவிப்பாகிவிடும். வாங்கித் தின்ன மறுத்தால் ஒலி கூடிவிட்டது என்று பொருள். அன்றைக்கு அத்தோடு முடித்துவிட வேண்டும். இதை அவசரப்பட்டு இரண்டு முறை கெடுத்திருக்கிறேன்.

பதற்றத்தைத் தணிக்க மருத்துவர் சொன்ன ஃபுளுஆக்செடின் மாத்திரைக்கு நான் முதலில் ஒப்பவில்லை, நாயை மயக்கி வைப்பதாக நினைத்தேன். மயக்கவில்லை. நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் பலன் தெரியும் என்று மருத்துவர் சொன்னபடியே, ஐந்தாம் வாரத்தில் தின்பண்டத்தைக் கவனிக்கும் அளவுக்கு அதன் பதற்றம் தணிந்தது, பயிற்சி பிடித்தது. நாமாகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாத மருந்து அது; மருத்துவர் சொல்லும் அளவில்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நான்காம் மாதம், வீடு நிறைய ஆட்கள் தங்கிய ஒரு வார இறுதியில், ஆறிய புண்ணைச் செவலை ஒரே இரவில் திறந்துவிட்டது. கூம்பும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையும் மறுபடி வந்தன, ஒலியைப் பழைய அளவுக்குக் குறைத்தேன். இந்த முறை பன்னிரண்டு நாளில் மேல்தோல் மூடிக்கொண்டது.

இப்போது அந்த இடத்தில் மயிர் முழுதாக முளைக்கவில்லை. சில மாலைகளில் நாலைந்து முறை நக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. போன வாரம் என் கையிலிருந்து சாவிக்கொத்து நழுவித் தரையில் விழுந்தது. செவலை விசுக்கென்று எழுந்தது, சாவியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு நடந்துபோய் மேசைக்கு அடியில் தன் படுக்கையில் சுருண்டு, முகவாயை இடது முன்னங்காலின் மேல் வைத்துக்கொண்டது. வாய் மூடியே இருந்தது.