நகராத கட்டையை இழுத்துப் பார்த்தது: உராய்வு அளவீடுகள், இதுவரை

உராய்வைப் பற்றிப் படித்ததை எல்லாம் கையால் அளந்து பார்த்துவிடலாம் என்று ஒரு மரக்கட்டை, ஒரு சுருள்வில் தராசு, ஒரு மீட்டர் நீளப் பலகை, இவ்வளவுதான் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். இதுவரை கிடைத்ததை எழுதி வைக்கிறேன், செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் தராசு. சுருள்வில் நீளும் நீளம் இழுக்கும் விசைக்கு நேர் விகிதத்தில் இருக்கும், ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி. 100 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டேன், முள் 1 நியூட்டனுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது, சரியான 0.98. ஆனால் அதே தராசைப் படுக்கவைத்தால் முள் பூச்சியத்துக்கும் கீழே இறங்கிவிடும், ஏனென்றால் தொங்கும்போது கொக்கியின் எடையும் சேர்ந்து சுருளை இழுத்துக்கொண்டிருக்கிறது, படுக்கையில் அந்த இழுப்பு இல்லை. அதனால் கிடைமட்டமாக வைத்த பிறகு பூச்சியத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். நாம் அளக்கப்போவதே ஒன்றிரண்டு நியூட்டன்தான், இந்தச் சின்ன வித்தியாசம் அதில் பெரிதாகத் தெரியும்.

சரி, கட்டை. 400 கிராம், அதாவது எடை சுமார் 3.9 நியூட்டன். கொக்கியை மாட்டி மெதுவாக இழுக்க ஆரம்பித்தால் முள் 0.5-க்கு வருகிறது, கட்டை அசையவில்லை. 1-க்கு வருகிறது, அசையவில்லை. 1.4, இன்னும் அப்படியே நிற்கிறது. எனக்கு இந்த முழுப் பரிசோதனையிலும் பிடித்த இடம் இதுதான். கட்டை ஓய்வில் இருக்கிறது என்றால் அதன் மேல் உள்ள நிகர விசை பூச்சியம், அப்படியானால் நான் 0.5 நியூட்டனில் இழுக்கும்போது உராய்வும் 0.5 நியூட்டனில் எதிர்ப்பக்கம் இழுக்கிறது, நான் 1.4 என்றால் அதுவும் 1.4. யாரும் இழுக்காதபோது அங்கே உராய்வு விசையே இல்லை. உராய்வு = குணகம் × செங்குத்து விசை என்று மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறோம் (குணகம் என்பது இரண்டு பரப்புகளின் பிடிமானத்தைச் சொல்லும் எண், செங்குத்து விசை என்பது பலகை கட்டையைத் தாங்கும் விசை, கிடையான பலகையில் அது கட்டையின் எடைக்குச் சமம்), நிற்கிற பொருளுக்கு அந்தச் சூத்திரம் தருவது உச்ச வரம்பை மட்டும்தான். அந்த வரம்புக்குள் உராய்வு, கேட்ட அளவுக்குத் திருப்பிக் கொடுக்கிற விசை. முள் நகர நகரக் கட்டை நகராமல் நிற்பதைப் பார்த்தால் இது ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும், எழுதிப் புரியவைக்க நானும் நிறைய முயன்றிருக்கிறேன், இவ்வளவு தெளிவாக வந்ததில்லை.

1.6 நியூட்டன் பக்கம் வந்ததும் கட்டை சட்டென்று விடுபட்டு ஓடுகிறது, அதே நொடியில் முள் கீழே விழுகிறது. அதற்குப் பிறகு சீரான வேகத்தில் இழுத்துக்கொண்டே போனால் முள் 1.2-ஐ ஒட்டி ஆடிக்கொண்டிருக்கும். 1.6 ஓய்வுநிலை உராய்வின் உச்சம், 1.2 இயக்க உராய்வு. கட்டையின் எடையால் வகுத்தால் குணகங்கள் 0.41, 0.31. தராசுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு ரப்பர் பேண்டைக் கட்டி மெதுவாக இழுத்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், கட்டை ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கதவுக் கீல் கிறீச்சிடுவதும் வயலின் வில் தந்தியை ஒலிக்க வைப்பதும் இந்த ஒட்டி விடுபடுகிற இயக்கத்தால்தான்.

அப்புறம் கட்டையின் மேல் இன்னொரு 400 கிராம் ஏற்றினேன். இரண்டு அளவும் ஏறக்குறைய இரட்டிப்பு, இதில் வியப்பில்லை. வியப்பு அடுத்தது. கட்டையைக் குறுகலான பக்கம் கீழே வருமாறு திருப்பி வைத்தால் தொடும் பரப்பு பாதிக்கும் குறைவு, ஆனால் தராசு காட்டுவது கிட்டத்தட்ட அதே 1.6. லியொனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் இதை எழுதி வைத்திருந்தார், 1699-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் அமோன்டன் தானாகக் கண்டுபிடித்து வெளியிட்டார். காரணம் தெரிய 20-ஆம் நூற்றாண்டு வரை, உராய்வை ஆராய்ந்த பௌடனும் டேபரும் வரும் வரை ஆயிற்று. எவ்வளவு இழைத்த பரப்பும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமும்தான், உண்மையில் தொட்டுக்கொள்வது சில மேடுகளின் நுனிகள் மட்டும். பரப்பு குறைந்தால் ஒவ்வொரு நுனியின் மேலும் சுமை கூடி அது அதிகமாக நசுங்குகிறது, ஆக மொத்த உண்மையான தொடுபரப்பு சுமையைப் பொறுத்தே அமைகிறது. ரப்பருக்கு இந்தக் கணக்கு இவ்வளவு நேர்த்தியாக வராது, ஆரம்பத்தில் மரத்தோடு நிற்பது நல்லது.

தராசு இல்லாமலும் சரிபார்க்கலாம். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்திக்கொண்டே போனால் ஒரு கோணத்தில் கட்டை வழுக்கும், உயரத்தை அடிப்பக்க நீளத்தால் வகுத்தால் அதுவே ஓய்வுநிலைக் குணகம். எனக்கு உயரம் 38 செ.மீ., அடிப்பக்கம் 92.5 செ.மீ. வந்தது, அதாவது 0.41! தராசும் பலகையும் ஒன்றையே சொன்னதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். 800 கிராமுக்கும் கோணம் மாறவில்லை, ஏனென்றால் கீழே இழுக்கும் விசையும் தடுக்கும் விசையும் ஒரே விகிதத்தில் கூடுகின்றன. உயரத்தை 30-க்குக் குறைத்துவிட்டுக் கட்டையை விரலால் லேசாகத் தள்ளிவிட்டால் முடுக்கமில்லாமல் ஒரே வேகத்தில் இறங்குகிறது, இங்கே விகிதம் 0.31, இயக்கக் குணகம்.

இந்த எண்களைக் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். தூசி, விரலின் ஈரம், மரத்தின் இழை போகும் திசை எல்லாமே அளவை மாற்றும். பலகையை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, நூலைப் பலகைக்கு இணையாக வைத்து இழுங்கள், கொஞ்சம் மேல்நோக்கி இழுத்தாலும் செங்குத்து விசை குறைந்து தராசு குறைவாகக் காட்டும். மரத்தின் மேல் மரம் அதிக நேரம் நின்றால் ஓய்வுநிலை உராய்வு கூடுகிறது என்று பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும் 1785-இல் வெளிவந்த தன் ஆய்வில் காட்டியிருக்கிறார், ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரம் நிறுத்திவைத்து இழுத்தால்தான் ஒப்பிட முடியும்.

கட்டைக்கு அடியில் உருண்டையான பென்சில்களை வைத்தும் இழுத்துப் பார்த்தேன், என் தராசின் மிகச் சிறிய பிரிவு 0.1 நியூட்டன், முள் அதைக்கூட எட்டவில்லை. உருளும் உராய்வை அளக்க இன்னும் மென்மையான சுருள் வேண்டும், அடுத்த வேலை அதுதான்.