சின்னத்தையும் இலக்கத்தையும் மாத்துங்கோ

பாராளுமன்றத் தேர்தலுக்கு வேட்புமனு முடிந்து வேட்பாளர் இலக்கம் வந்த கையோடு, திருகோணமலையில் எங்கள் அச்சகத்துக்கு ஆள் வந்துவிடும். "போன முறை அடிச்ச நோட்டீஸ் கொம்பியூட்டர்ல கிடக்கும்தானே தம்பி? படம் அதையே போடுங்கோ. சின்னத்தையும் இலக்கத்தையும் மட்டும் மாத்துங்கோ." கட்சி மாறியவரின் வேலை எங்களுக்குச் சுகம். வாக்காளரிடம்தான் இலேசில் முடியாது.

காரணம் வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது. கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகுதான் ஆளின் இலக்கத்துக்கு விருப்பு வாக்கு, அதுவும் மூன்று பேர் வரைக்கும். ஆளை எவ்வளவு பிடித்தாலும் புதுச் சின்னத்தில் கீற மனம் வரவேண்டும்.

சின்னம் மாறினாலே சனம் கைவிட்டுவிடும் என்றும் இல்லை. 2001இல் உதயசூரியன் சின்னத்தில் கேட்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, உள்வீட்டுப் பிணக்கால் 2004இல் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு வந்தது. திருகோணமலைத் தமிழரும் கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் ஐயாவோடு கூடவே வந்தார்கள். மாவட்டத்தின் நான்கு ஆசனங்களில் இரண்டு கிடைத்தது. மூதூர், கிண்ணியாப் பக்கம் முஸ்லிம் காங்கிரஸ் தன் மரச் சின்னத்திலும் கேட்டிருக்கிறது, 2020இல் ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசியிலும் கேட்டிருக்கிறது. அங்கே சின்னத்தை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

வென்ற பிறகு தனியாளாக மற்றப் பக்கம் போவதைத்தான் சனம் மறப்பதில்லை. கட்சி உறுப்புரிமை போனால் ஆசனமும் போகும் என்று அரசியலமைப்பின் 99(13)(அ) சொல்கிறது. ஆனாலும் உயர் நீதிமன்றம் போய் ஆசனத்தைக் காப்பாற்றியவர்கள் உண்டு. 2023 ஒக்டோபரில் மட்டக்களப்பு உறுப்பினர் நசீர் அஹமட்டை முஸ்லிம் காங்கிரஸ் நீக்கியது செல்லும் என்று தீர்ப்பு வந்தபோது, கடையில் அன்று முழுக்க அதே கதைதான். சட்டம் எப்படிப் போனாலும் இங்கே கேட்பது ஒன்றுதான்: "ஆரைக் கேட்டுப் போனவர்?"

இதற்கு நோட்டீஸில் பதில் எழுத எல்லோரும் படாத பாடு படுவார்கள். ஒருமுறை, கட்சி மாறிய வேட்பாளர் ஒருவரின் ஆள் "என்றும் கொள்கை மாறாதவர்" என்று சிவப்பில், தடித்த எழுத்தில் போடச் சொன்னார். கலியாணக் கார்ட் எடுக்க வந்து நின்ற கடை முதலாளி ஒருவர் புரூப்பை எட்டிப் பார்த்தார். "போன முறை மற்றக் கட்சியிலயும் இதையேதானே போட்டவர்?"

வேட்பாளரின் ஆள் ஒன்றும் பேசவில்லை. வெளியே போய் ஃபோன் கதைத்துவிட்டு வந்து, அந்த வரியை எடுக்கச் சொன்னார். அந்த இடத்துக்கு வேட்பாளர் போட்டுக் கொடுத்த கொங்கிரீட் ஒழுங்கையின் படம் வந்தது. அந்த ஒழுங்கைக்காரர் அவருக்குப் போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். டவுனுக்குள் சந்தேகம்தான்.