கொடி பிடிக்கிற பையன்

மே 3, சனி

விடியற்காலை ஐந்தரைக்கே பொட்டலுக்குப் போய்விட்டேன். நேற்று சாயங்காலம் போட்ட சுண்ணாம்புக் கோட்டில் பாதியை ராத்திரிக் காற்று செம்மண்ணோடு அள்ளிக்கொண்டு போயிருந்தது. மறுபடி போட்டோம். நாளைக்கு அக்னி நட்சத்திரம் பிறக்கிறது. ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்தால்தான் பிள்ளைகள் சுருண்டு விழாமல் வீடு போய்ச் சேரும். பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் கால்பந்துப் போட்டி, பாதிக்கு 25 நிமிடம். தேவகோட்டை, கல்லல், புதுவயல் பக்கமெல்லாம் இருந்து எட்டு டீம் வந்திருக்கிறது. இந்த சனி ஞாயிறு நான்கு ஆட்டம், அடுத்த சனி செமி, ஞாயிறு ஃபைனல். நடுவர் விசில் எனக்கு. ஒரு பக்கக் கோட்டில் கொடியோடு, ஆஃப்சைடு கண்டால் தூக்கிக் காட்ட, பக்கத்து ஊர் பி.டி. சார். இன்னொரு பக்கம் என்னிடம் படித்த பையன், பதினாறு வயசு, ப்ளஸ் ஒன் முடித்திருக்கிறான். விதிப் புத்தகத்தை என்னைவிட நன்றாகப் படித்து வைத்திருப்பவன்.

முதல் ஆட்டத்தின் பத்தாவது நிமிடத்திலேயே, த்ரோவில் வந்த பந்தை ஒரு பையன் எடுத்துக்கொண்டு ஓடினான். வெளியே இருபது பேர் ஒரே குரலில் “ஆஃப்சைடு!” என்று கத்தினார்கள். ஆஃப்சைடு என்றால், தன் டீம் ஆள் பந்தைத் தரும்போது பந்தையும் எதிர் டீமின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி அவர்கள் கோல் பக்கம் நிற்பது. கோட்டுக்கு வெளியிலிருந்து கையால் எறியும் த்ரோவிலிருந்து நேராக வரும் பந்துக்கு அது கிடையாது. கோல் கிக்குக்கும் கார்னருக்கும் அப்படித்தான். விதி 11 இதைத் தெளிவாகவே சொல்கிறது. நான் விசில் ஊதவில்லை. உடனே வந்தது: “பொம்பளைக்கு என்னத்த பந்து தெரியும்.”

தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசியப் பட்டம் வென்றது. ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம் பிடித்த ரூபா தேவி இதோ இருக்கிற திண்டுக்கல்காரர். 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனி – கோஸ்டா ரிகா ஆட்டத்துக்கு விசில் ஊதியவர் பிரான்ஸ் நாட்டுப் பெண், ஸ்டெஃபானி ஃப்ராப்பர். இதையெல்லாம் அந்த நேரத்தில் யாரிடம் நின்று சொல்வது? பந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்று ஒன்றைக் கவனித்தேன். நான் விசில் ஊதியதும் பையன்கள் முதலில் என்னைப் பார்ப்பதில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாவைப் பார்க்கிறார்கள். அவர் கையை விரித்தால் இவனும் விரிக்கிறான். அவர் தலையில் அடித்துக்கொண்டால் இவனும் அடித்துக்கொள்கிறான். அப்பா வராத பையன்கள் பந்தை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

மே 4, ஞாயிறு

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

இரண்டாவது ஆட்டம். ஒரு டீமுக்கு எல்லாமே ஒரு பையனின் அப்பாதான். செல்போன் கடை வைத்திருக்கிறார். காலையில் தன் வண்டியில் பையன்களை ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். ஆட்டம் முடிந்ததும் சாப்பிட ஒவ்வொருவனுக்கும் இட்லிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்ததும் அவர்தான். இதையும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் கெட்ட மனுஷர் என்று அவரை ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

முதல் பாதியில் அவர் மகன் ஒரு கோல் போட்டான். கொடி உயர்ந்தது. ஆஃப்சைடுதான், சந்தேகமே இல்லை, ஒரு முழு எட்டு முன்னால் நின்றான். கோல் இல்லை என்றேன். என்னைத் திட்டினார்கள். அது பழகிவிட்டது, நான் நடுவில் நிற்கிறேன், முக்கால்வாசி காற்றோடு போய்விடும். கொடி பிடிக்கிற பையனுக்கு அப்படியில்லை. அவன் கோட்டோடு கோடாக ஓட வேண்டும், அவனுக்குப் பின்னாலேயே ஜனம்.

ஆஃப் டைம் முடிந்ததும் அந்த அப்பா எழுந்து வந்து அவன் காதுக்கு அரை அடியில் நின்றுகொண்டார். அவன் ஓடினால் அவரும் ஓடுகிறார். “ஏன்டா, எவ்வளவு வாங்குன? யாரு வீட்டுப் பய நீ? ஆட்டம் முடியட்டும், வெளியில வருவேல்ல.” எனக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது. ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இன்னும் பதினைந்து நிமிடம்தானே, வெயில் ஏறுகிறதே என்று நினைத்தேன்.

கடைசி நிமிடங்களில் அதே பையனுக்கு மறுபடி பந்து போனது. எனக்கு முன்னால் இரண்டு பேர் மறைத்தார்கள், நான் கொடியைப் பார்த்தேன். கொடி தொடையோடு ஒட்டிக் கிடந்தது. கோல் கொடுத்தேன். 1–0. நடுவட்டத்துக்குத் திரும்பி நடக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

தோற்ற டீம் கல்லல் பக்கத்துப் பிள்ளைகள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அவர்களை அனுப்பி வைத்தது எதிர் டீமின் ஆட்டம் அல்ல.

லைனுக்கு நிற்பதற்கு நூறு ரூபாய். அதை வாங்கிக்கொள்ளாமலே பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மே 5, திங்கள்

தூக்கம் வரவில்லை. முன்பு ஒரு பயிற்சி வகுப்பில் சொன்ன சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்து, மறுபடி தேடிப் படித்தேன். நெதர்லாந்தில் ஆல்மேரே நகரம், 2012 டிசம்பர் 2. மகன் ஆடும் சிறுவர் ஆட்டத்தில் தானாக முன்வந்து லைன் கொடி பிடித்த 41 வயது அப்பா ஒருவர். ஆட்டம் முடிந்ததும் எதிர் டீம் பையன்கள் அவரைக் கீழே தள்ளி உதைத்தார்கள். மறுநாள் இறந்துபோனார். அடுத்த வார இறுதியில் அந்த நாடு முழுக்க உள்ளூர் ஆட்டம் ஒன்றுகூட நடக்கவில்லை. தண்டனை பெற்றவர்கள் ஆறு பையன்கள், கூடவே ஒரு பையனின் அப்பா.

இங்கிலாந்தில் 2023-ல் உள்ளூர் லீக் நடுவர்களுக்கு மார்பில் கேமரா மாட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள், ஏசுகிறவனும் அடிக்க வருகிறவனும் பதிவாகட்டும் என்று.

நம் பக்கம் அந்த அளவுக்கு எங்கே போகும் என்பார்கள். “வெளியில வருவேல்ல” என்று பதினாறு வயதுப் பையனிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

மே 7, புதன்

அவன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அவன் அப்பத்தா புளி ஆய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தது.

“ஏம்மா டீச்சரு, எம்பேரன ஊராங்கிட்ட ஏச்சு வாங்கவா ஒன்னைய நம்பி அனுப்புனேன்? வந்த பய ரெண்டு நாளா சோறு திங்கல.”

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. “எம்மேலதான் தப்பு அப்பத்தா” என்றேன். அது உண்மையும்கூட.

பையன் கொல்லைப்பக்கம் இருந்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அவனாகவே சொன்னான்: “டீச்சர், அது ஆஃப்சைடுன்னு எனக்குத் தெரியும். நல்லாவே பாத்தேன். கொடியத் தூக்கக் கை வரல.”

கொஞ்ச நேரம் கழித்து, “அந்த கல்லல் பயலுகளுக்குத் தெரியுமா டீச்சர்?” என்று கேட்டான்.

தெரியாது என்றேன். அவன் அழுதுவிட்டான். மிரட்டிய ஆளை நினைத்து வராத அழுகை, தோற்றுப்போன பிள்ளைகளை நினைத்து வந்தது. இப்படி ஒருவனைத்தான் நாம் கோட்டை விட்டுத் துரத்திக்கொண்டிருக்கிறோம். ஜூலை ஆகஸ்டில் பள்ளிகளுக்குள் நடக்கும் குறுவட்டப் போட்டிகள் வந்தால் விசிலுக்கு ஆள் இல்லாமல் பி.டி. சார்களே ஒரே நாளில் நாலைந்து ஆட்டம் ஊதுகிறார்கள். புதிதாக யாரும் வருவதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் அலுத்துக்கொள்கிறோம். எங்கிருந்து வருவார்கள்?

வா என்று அவனைக் கூப்பிடவில்லை. நூறு ரூபாயை அப்பத்தாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 9, வெள்ளி

போட்டி நடத்துகிறவர்களிடம் பேசினேன். இரண்டு பக்கமும் கோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிக் கயிறு கட்ட வேண்டும், கயிற்றுக்கு உள்ளே டீம் தவிர யாரும் வரக்கூடாது, என்னிடம் வந்து கேட்பதென்றால் கேப்டன் மட்டும் வர வேண்டும் என்றேன். கேப்டன் மட்டும் பேசும் முறை 2024 யூரோ கோப்பையிலேயே வந்துவிட்டது.

“பாக்க வர்றவங்க நாலு வார்த்தை பேசத்தான் செய்வாங்க டீச்சர். அவங்க நன்கொடையிலதானே கோப்பை வாங்குறோம்” என்றார் ஒருவர். அப்படியானால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். விசிலுக்கு வேறு ஆள் கிடையாது. பந்தல்காரரிடம் கயிறு வாங்கித் தந்தார்கள்.

மே 10, சனி

செமி ஃபைனல். கயிறு கட்டியதில் பாதி சத்தம் குறைந்தது. மூன்று மீட்டர் தூரத்துக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியில் ஒரு ஃபவுல் கொடுத்தேன். கயிற்றுக்குப் பின்னாலிருந்து அந்தக் கடைக்காரர் ஆரம்பித்தார். இந்த முறை பி.டி. சாரைப் பார்த்து, அவர் ஊரைச் சொல்லி, அவர் வீட்டைச் சொல்லி. நான் விசில் ஊதிப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் வந்தவை. 1966-ல் ஜெர்மானிய நடுவர் வெளியேற்றியதை, அவர் பேச்சு புரியவில்லை என்று சொல்லி அர்ஜென்டினா கேப்டன் நிமிடக்கணக்கில் ஏற்காமல் நின்ற பிறகு, ஆங்கில நடுவர் கென் ஆஸ்டன் போக்குவரத்து விளக்கைப் பார்த்து யோசித்தது. 2019-லிருந்து கோச்சுக்கும் அட்டை காட்டலாம். பார்க்க வந்த அப்பாவுக்குக் காட்ட அட்டை கிடையாது. ஆனால் வெளியிலிருந்து இடையூறு வந்தால் ஆட்டத்தை நிறுத்தவும் கைவிடவும் விதி 5 நடுவருக்கு அதிகாரம் தருகிறது. போன வாரம் பயன்படுத்தாத அதிகாரம்.

இரண்டு கேப்டன்களையும் இரண்டு கோச்சுகளையும் கூப்பிட்டேன். “அவர் ரோட்டுக்குப் போனால் ஆட்டம் தொடரும். இல்லையென்றால் இத்தோடு முடிந்தது” என்றேன். கை நடுங்கியது, பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான்கு நிமிடம். பையன்கள் நடுவட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள், இரண்டு டீமும் கலந்தே. ஒரே தண்ணீர் பாட்டில் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவர் டீம் கோச்சே போய் அவர் தோளில் கை போட்டு, “வாங்கண்ணே, டீ சாப்பிடுவோம்” என்று அழைத்துக்கொண்டு போனார். அவர் மகன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, ஷூ லேசை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

அவர்கள் டீம் 2–0 என்று ஜெயித்தது. நல்ல ஆட்டம். அவர் பார்க்கவில்லை.

மே 11, ஞாயிறு

ஃபைனலில் நான் ஒரு தப்புச் செய்தேன். கோல் கோட்டைத் தாண்டும் பந்து கடைசியாகத் தடுக்கிறவன் மேல் பட்டிருந்தால் கார்னர், அடிக்கிற டீம் மேல் பட்டிருந்தால் கோல் கிக். கோல் கோட்டைத் தாண்டிப் போன பந்து யார் காலில் கடைசியாகப் பட்டது என்று சரியாகப் பார்க்காமல் கார்னர் கொடுத்தேன். கயிற்றுக்குப் பின்னாலிருந்து கத்தினார்கள். கார்னரில் வந்த பந்து கோலானது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் முந்தைய முடிவை மாற்ற நடுவருக்கு வழி கிடையாது. அந்த ஒரு கோல்தான் கோப்பை. கடைக்காரரின் டீம் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் அவர்கள் கோச்சிடம் போய், “அந்தக் கார்னரில் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது சார்” என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கடைக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. பையன்களை எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவனைப் பார்த்தேன். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால், சைக்கிளைப் பிடித்தபடி. எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

“டீச்சர், அது கோல் கிக். அடிச்சவன் கால்லதான் கடைசியாப் பட்டுச்சு. நான் நேரா நின்னு பாத்தேன்.”

“அப்படித்தான் எனக்கும் தோணுச்சுப்பா, பிந்தித் தோணுச்சு.”

கொஞ்ச நேரம் கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்துச் சுருட்டினான். பிறகு மூட்டையில் கிடந்த லைன் கொடியை எடுத்துப் பார்த்தான். கம்பு ஆடியது, துணி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. ஆணி அடித்து, அப்பத்தாவிடம் தைத்து வாங்கி வருகிறேன் என்று ஹேண்டில்பாரில் கட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.