அரைப் பாலாடை

"நீ சொன்ன அளவுதான் தம்பி குடுத்தேன்." பாட்டி இதைக் குறையாகச் சொல்லவில்லை. காலி மருந்து பாட்டிலை மருந்துக்கடைக் கவுண்டர் மேல் வைத்து இன்னொன்று கேட்டபோது சாதாரணமாகச் சொன்னதுதான். எனக்குத்தான் அப்புறம் கை ஓடவில்லை.

சீட்டில் டாக்டர் தெளிவாகவே எழுதியிருந்தார். பாராசிட்டமால் சிரப், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளது, வேளைக்கு 3 மி.லி., நாளைக்கு நான்கு வேளை. பேரனுக்கு எடை 10 கிலோ. கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 150, அதாவது சரியாக 3 மி.லி. ஆனால் பாட்டிலோடு வந்த மூடியில் 2.5, 5, 10 என்றுதான் கோடு இருந்தது, 3 கிடையாது. அதுவும் மையில் போட்ட கோடில்லை, பிளாஸ்டிக்கிலேயே லேசாக மேடு தட்டியிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எனக்கே தெரியும். பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோடெல்லாம் கண்ணுக்குத் தெரியல, பாலாடையில எவ்வளவு, அதைச் சொல்லு" என்றார். குழந்தைக்குப் பால் புகட்டும், மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்தான் பாலாடை.

"அரைப் பாலாடை" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. ஒரு டீஸ்பூன் 5 மி.லி., அப்படியானால் 3 என்பது அரை ஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல் என்று மனதில் ஓடியது. 'அரை' வாயில் தயாராக இருந்தது, ஸ்பூன் இருந்த இடத்தில் பாலாடை வந்துவிட்டது. பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். அது காரணம்தான், ஆனாலும் 5 மி.லி. சிரிஞ்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, ஊசியைக் கழற்றிக் கொடுத்திருந்தால் முடிந்தது.

60 மி.லி. பாட்டில், நாளைக்கு 12 மி.லி. போனால் ஐந்து நாள் வர வேண்டும். மூன்றே நாளில் காலி. கவுண்டரில் நின்றபடியே கணக்குப் போட்டேன்: நாளைக்கு 20, வேளைக்கு 5. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத்தான் பிடிக்கும். அந்த நேரத்தில் நான் கேட்ட கேள்விதான் இன்னும் உறுத்துகிறது. "எவ்வளவு ஊத்தினீங்க பாட்டி?" என்று கேட்கவில்லை. "மருந்து கொஞ்சம் சிந்திருச்சா பாட்டி?" என்று கேட்டேன். பதிலை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா தம்பி, கொஞ்சம் கொட்டியிருக்கும்" என்றார்.

உடனே டாக்டருக்குப் போன் செய்து கணக்கை அப்படியே சொன்னேன், குழந்தையையும் அனுப்பி வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறான். அதைச் செய்தேனே என்று சில நாள் சமாதானம் வரும். உண்மையிலேயே சிந்தியிருக்கலாம், குழந்தை துப்பியும் இருக்கலாம் என்றும் தோன்றும். ஆனால் அன்றிரவு வீட்டில், என் மகளுக்குப் பால் புகட்டிய பாலாடையில் சிரிஞ்சால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நிறைய 10 மி.லி. பிடித்தது. பாட்டி வீட்டுப் பாலாடையும் அதே அளவாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இலேயே சொல்லிவிட்டது, குழந்தைகளின் திரவ மருந்துக்கு ஸ்பூன் கணக்கே வேண்டாம், மி.லி. மட்டும் போதும் என்று. சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கோடு தெரியாத கண்ணுக்கு மி.லி. என்பது வெறும் சத்தம்தானே? பாட்டி கேட்டதில் தப்பே இல்லை, தெரிந்த பாத்திரத்தில் அளவு கேட்டார். பாத்திரத்தைப் பார்க்காமலே அளவு சொன்னது நான்.

அடுத்த வாரம் பாலாடையைக் கொண்டுவரச் சொன்னேன். பெரிய வெள்ளிப் பாலாடை, மூக்கு கொஞ்சம் நசுங்கியிருந்தது. சிரிஞ்சில் 3க்கு நேராக மார்க்கரால் கறுப்பாகக் கோடு போட்டு, அதுவரை தண்ணீர் இழுத்து அதில் விட்டேன். அடியில் ஒரு ஓரமாகத் தேங்கி நின்றது. பாட்டி குனிந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா தம்பி?"

"ஆமா பாட்டி" என்றேன். அப்போதும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.