பழைய டபுள் கெப்பை உயர்த்த நினைப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் பழைய டபுள் கெப் (இரண்டு வரிசை சீற் உள்ள பிக்கப்) வைத்திருக்கும் யாரும் இப்போது அதை விற்கும் யோசனையில் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தபோது, வரியோடு சேர்த்துப் புதிய வண்டியின் விலை எங்களைப் போன்ற தோட்டக்காரருக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. இருக்கிறதைத் திருத்தி ஓடுவதுதான் வழி. என்னிடம் இருப்பது தொண்ணூறுகளின் கடைசியில் வந்த மிற்சுபிஷி எல் 200. 2.5 லீற்றர் டீசல், நாலு சில்லும் இழுக்கும்.

வீடும் வெங்காயத் தோட்டமும் கோப்பாயில், வயல் பூநகரியில். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு கைதடி, நாவற்குழி வழியாகப் போய்வருவது சுகம்தான். பிரச்சினை தார் வீதியை விட்டு இறங்கிய பிறகு. ஐப்பசி மழை தொடங்கினால் வயல் பாதையில் உழவு மெசின் சில்லுகள் இரண்டு பக்கமும் ஆழமாக வெட்டிவிடும், நடுவில் மண் மேடு நிற்கும். உர மூடை ஏற்றிய வண்டி அந்த மேட்டில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகும். அதற்காகத்தான் லிஃப்ட் கிட், அதாவது வண்டியை உயர்த்தும் சாமான் தொகுதி, தேட வெளிக்கிட்டேன். இதே யோசனையில் இருக்கும் சிலர் என்னிடம் விசாரித்ததால் விபரமாக எழுதுகிறேன்.

கிட் பார்க்கும் முன் வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். எது தட்டுகிறது என்பதைக் கீறல் சொல்லும். என் வண்டியில் முன் எஞ்சினுக்குக் கீழே உள்ள காப்புத் தகடும் சேஸியின் குறுக்குச் சட்டமும் தேய்ந்து மினுங்கின. பின் டிஃபரன்ஷலில் (பின் சில்லுகளை இணைக்கும் அக்சிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) புல் உரசிய அடையாளம் மட்டும். இதை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், பின் டிஃபரன்ஷல் அக்சிலோடு இருக்கிறது. எத்தனை அங்குல ஸ்பிரிங் போட்டாலும் அது ஒரு மயிரளவும் உயராது. அதை உயர்த்துவது ரயர் மட்டும்தான். உங்களுக்குத் தட்டுவது டிஃபரன்ஷல் என்றால் லிஃப்ட் கிட்டுக்குக் கொடுக்கும் காசு வீண்.

அடுத்தது அளவு. சில்லின் நடுப்புள்ளியிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை நேராக நாடா பிடித்து நாலு பக்கமும் அளந்து எழுதுங்கள். நிலத்திலிருந்து அளந்தால் ரயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பும். சாவகச்சேரியில் என் உறவினர் ஒருவரிடம் இதே வண்டி, பாரம் ஏற்றாமல் வீட்டுப் பாவனையில் இருந்தது. அதையும் போய் அளந்தேன். பின்பக்கம் என்னுடையது ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது, வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் கூட. எனக்கு விசயம் விளங்கிய இடம் அதுதான். நான் தேடிக்கொண்டிருந்த இரண்டு அங்குல லிஃப்டில் பெரும்பகுதி, வண்டி இத்தனை வருசம் பாரம் இழுத்து இழந்த உயரம். பழைய வண்டிக்காரர் முதலில் வாங்க வேண்டியது அந்த உயரத்தைத்தான். அதற்கு மேலே எவ்வளவு வேண்டும் என்பது பிறகு வரும் கேள்வி.

அவுஸ்திரேலியாக்காரர் இந்த வேலையில் கெட்டிக்காரர். ஓல்ட் மேன் ஈமு, அயன்மேன், டொபின்சன்ஸ், ரஃப் டோக் எல்லாம் அங்கே இருந்து வருபவை. முழு கிட்டில் முன்னுக்கு ரோர்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி), பின்னுக்குப் பிளேட் கட்டு (தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்), நாலு சொக் அப்சோபர் (துள்ளலை அடக்குவது), புஷ், பிளேட்டை அக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வரும். காசு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம். ஆனால் பிளேட் கட்டு ஒரு பக்கமே இருபது கிலோவுக்கு மேல் நிறுக்கும். இணையத்தில் பார்க்கும் விலைக்கு மேல் கப்பல் கூலியும் வரியும் ஏறும்போது கதை மாறிவிடும். அதனால் பாரமானதை ஊரில் செய்வது, துல்லியமானதை வெளியில் வாங்குவது என்று பிரித்துக்கொண்டேன். முழு கிட்டின் விலையில் பாதிக்கும் குறைவாக முடிந்தது.

பின்பக்கம் உயர்த்த மலிவான வழிகள் பல உண்டு. பிளேட்டின் முனையைச் சேஸியோடு இணைக்கும் செக்கிளை நீளமானதாகப் போடலாம். அது பிளேட்டின் ஒரு முனையை மட்டும் தள்ளுவதால் இரண்டு அங்குலம் நீட்டினால் ஒரு அங்குலம்தான் உயரும், டிஃபரன்ஷலின் முகமும் சரிந்து அதைச் சுழற்றும் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதிரக்கூடும். அக்சிலுக்கும் பிளேட்டுக்கும் இடையில் இரும்புக் கட்டை வைக்கலாம். பின்பக்கம் ஒரு சிறிய கட்டை தாங்கும். கட்டைக்கு மேல் கட்டை அடுக்குவதும், முன் அக்சிலில் கட்டை வைப்பதும் உயிர் ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். இந்த இரண்டு வழியும் சோர்ந்துபோன பிளேட்டைச் சோர்வோடேயே விட்டுவிடும். பாரம் ஏற்றினால் அது பழையபடி குந்தும்.

நான் லொறிகளுக்குப் பிளேட் அடிக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பிளேட் அடுக்கைப் பிரித்தபோது ஒரு தகட்டில் வெடிப்பு இருந்தது, அதை மாற்றினோம். பழைய தகடுகளை வளைத்துத் தருகிறோம் என்றார்கள். சூடாக்கிப் பதப்படுத்தாமல் வெறுமனே அடித்து வளைத்த தகடு திரும்பவும் படுத்துவிடும், ஆகவே வேண்டாம் என்றேன். பதிலாகப் பிரதான தகட்டுக்குக் கீழே முழு நீளத் தகடு ஒன்று கூட்டினோம். இந்த நீளத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். நீளம் குறைந்த தகடு மலிவுதான், ஆனால் நடுவில் மட்டும் விறைத்து, வெறும் வண்டி ஓடும்போது முதுகை உடைக்கும். பின்பக்கம் ஒன்றேமுக்கால் அங்குலம் ஏறியது. இறங்கிப்போன ஒன்றரையைக் கழித்துவிட்டால் உண்மையான லிஃப்ட் கால் அங்குலம். எனக்கு அது போதும்.

யூ போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இறுக்கி இழுபட்ட போல்ட் இரண்டாம் முறை அதே பிடி பிடிக்காது. பூநகரி உப்புக் காற்றில் பழைய போல்ட்டின் புரி எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. செக்கிள் பின்னில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் உள்ளதாக வாங்கினேன், எங்கள் பக்கத்துக்கு அது பிரயோசனமான செலவு.

காசைத் தாராளமாகப் போட வேண்டிய இடம் சொக் அப்சோபர். என் வண்டியைப் பார்க்கும் கராஜ் அண்ணை ஒரே வசனத்தில் சொன்னார்: "உயரம் எவ்வளவும் தரலாம் தம்பி, சொக் நீளம் காணாட்டி பள்ளத்திலை அதுதான் அக்சிலைத் தூக்கிப் பிடிக்கும், பிறகு முறியும்." பிளேட் பூட்டிய பிறகு வண்டியை உயர்த்தி, அக்சிலைத் தொங்கவிட்டு, சொக்கின் மேல் கீழ்ப் பூட்டுகளுக்கு இடையில் அளந்தோம். அதைவிடக் கொஞ்சம் கூட நீளக்கூடியது வேண்டும். அமுக்கும்போது முட்டாமலும் இருக்க வேண்டும். தொங்கும்போதும் அமுங்கும்போதும் உள்ள இரண்டு அளவையும் எழுதிக்கொண்டு, கொழும்பில் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனால் விற்பவர் சொல்வதை நம்பி வாங்கத் தேவையில்லை. இந்த எல் 200 தாய்லாந்தில் செய்யப்பட்ட வண்டி, அதற்கான தாய்லாந்துச் சாமான்களையும் விசாரித்துப் பாருங்கள். நான் ஜப்பானின் கேவைபி பூட்டினேன். உயரத்தைவிட இந்தச் சொக்தான் வண்டியை மாற்றியது. குண்டும் குழியுமான பாதையில் பின்பக்கம் துள்ளுவது நின்றுவிட்டது.

முன்பக்கம் ரோர்ஷன் பார் என்பதால் சாமான் வாங்காமலே உயர்த்தலாம். சரிசெய்யும் போல்ட்டை இறுக்கினால் வண்டி எழும்பும். இலவசம் என்பதால் அளவு மீறுவதும் இங்கேதான். போல்ட்டை இறுக்குவதால் பார் பலப்படுவதில்லை, உயரம் மட்டும்தான் மாறுகிறது. சில்லு கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தைத்தான் நாங்கள் எடுத்துச் செலவழிக்கிறோம். கூட உயர்த்தினால் பள்ளத்தில் சில்லு தொங்கி டக்கென்று முட்டும், முன் சில்லைச் சுழற்றும் தண்டின் மூட்டான சிவி ஜொயின்ற் சரிவாக ஓடி அதன் ரப்பர் பூட் கிழியும், சில்லைத் தாங்கும் குண்டு மூட்டான போல் ஜொயின்ற் தேயும். நான் ஒன்றேகால் அங்குலத்தில் நிறுத்தினேன். முடிந்த கையோடு எலைன்மென்ற் செய்ய வேண்டும், இல்லையென்றால் சில மாதத்தில் முன் ரயரின் ஓரம் போய்விடும்.

1988 முதல் 1997 வரை வந்த ரொயோட்டா ஹைலக்ஸில் எல்என் 106 மொடல் வைத்திருப்பவர்களுக்கு முன்னுக்கும் முழு அக்சிலும் பிளேட்டும்தான். உங்கள் வேலை எங்களுடையதைவிடச் சுலபம், முன் பிளேட்டையும் நல்லதாக மாற்றினால் பெரும்பகுதி முடிந்தது.

பலர் கவனிக்காத இன்னொன்று பிரேக். இந்த வகைப் பிக்கப்களில் பின் அக்சிலிலிருந்து ஒரு கம்பி சேஸியில் உள்ள பிரேக் வால்வுக்குப் போகும். பாரம் ஏறி வண்டி இறங்கினால் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கொடுப்பது அதன் வேலை. வண்டியை உயர்த்தினால் அந்த வால்வு எப்போதும் வண்டி வெறுமையாக இருக்கிறது என்று நினைக்கும். பதினைந்து மூடை உரத்தோடு, அதாவது 750 கிலோவோடு, ஏ9 வீதியில் மாடு குறுக்கே வந்தால் பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். உயர்த்திய அளவுக்குக் கம்பியின் பிடியையும் மாற்றச் சொல்லுங்கள். பின் பிரேக்கின் ரப்பர் குழாய் அக்சில் தொங்கும்போது விறைக்கிறதா என்றும் பாருங்கள். இதைச் செய்ய மறுக்கும் கராஜில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

முன் லைற்றையும் இறக்கிச் சரிசெய்யுங்கள். எங்கள் ஒழுங்கைகளில் இரவில் லைற் இல்லாத சைக்கிளில் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களின் கண்ணில் அடித்துக்கொண்டு போகக் கூடாது.

31 அங்குல ரயர் போடவில்லையா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது 235/75 ஆர் 15, விட்டம் ஏறத்தாழ 733 மில்லிமீற்றர். 31 அங்குலம் என்றால் 787. டிஃபரன்ஷல் 27 மில்லிமீற்றர் உயரும், அது உண்மையான லாபம். ஆனால் மீற்றர் 60 காட்டும்போது வண்டி 64 இல் ஓடும், பழைய டீசல் எஞ்சின் இழுக்கச் சிரமப்படும், ஸ்டியரிங்கை முழுதாக வெட்டும்போது மட்காட்டில் உரசவும் கூடும். எனக்குத் தட்டுவது டிஃபரன்ஷல் இல்லை என்பதால் விட்டுவிட்டேன். நாலு அங்குலம் உயர்த்த விரும்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்று: வண்டியில் வேறு யார் ஏறுகிறார்கள்? அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், மாதாமாதம் கிளினிக்குக்கு இந்த வண்டியில்தான் போகிறார். இப்போதைய உயரத்தில் சைட் ஸ்டெப்பில் கால் வைத்து ஏற முடிகிறது. அதுதான் எங்கள் வீட்டு எல்லை.

பூட்டிய பிறகு ஒரு 500 கிலோமீற்றர் ஓடி, யூ போல்ட் நட்டுகளைத் திரும்ப இறுக்க வேண்டும். புதுத் தகடுகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது அவை கட்டாயம் தளரும். அதே நாளில் பழைய நாலு அளவுகளுக்குப் பக்கத்தில் புதிய அளவையும் எழுதி வையுங்கள். அடுத்த போகம் அறுவடை முடிந்து திரும்ப அளக்கும்போது, பிளேட் நிற்கிறதா படுக்கிறதா என்று தெரிந்துவிடும்.