போர்ச்சுகல்: புத்தகத்தில் இல்லாத தோணி

போன வசந்தத்தில் போர்ச்சுகலுக்குக் கிளம்பியபோது நண்பர் ஒருவர் சின்னப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார். அந்த நாட்டு மக்களின் நல்ல குணங்களை, அத்தியாயத்துக்கு ஒன்றாக, சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் புத்தகம். பொறுமை, மென்மை, ஏக்கம், விருந்தோம்பல், நாக்கு ருசி. விமானத்திலேயே பாதியை முடித்துவிட்டேன்.

அது எனக்குப் பிடிக்க வேண்டும் என்றே விரும்பினேன். போர்ச்சுகல் மீது எனக்குப் பல வருட ஒட்டுதல் உண்டு. வீட்டுக்குள் தினமும் சொல்லும் ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. தமிழின் முதல் அச்சுப் புத்தகம் என்று சொல்லப்படும் மறைக்கல்வி நூலும் லிஸ்பனில்தான் அச்சானது, 1554இல், தமிழை ரோமன் எழுத்தில் எழுதி. அப்படிப்பட்ட ஊரை யாராவது மனதாரப் புகழ்ந்தால் எனக்குச் சந்தோஷம்தானே?

ஏமாற்றம் காட் (cod) என்ற குளிர்க்கடல் மீனில் தொடங்கியது. உப்பிட்டு உலர்த்திய காட் மீனை அங்கே பக்கல்யாவ் என்கிறார்கள். அதை வருடத்தின் 365 நாளுக்கு 365 விதமாகச் சமைக்கலாம் என்பது அவர்கள் பெருமையாகச் சொல்வது. புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்க இதுதான். படிக்கவும் நன்றாகவே இருந்தது. ஆனால் போர்ச்சுகல் கடலில் காட் மீன் கிடையாது. அப்படியானால் இத்தனை மீனும் எங்கிருந்து வந்தது? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

போர்ட்டோவிலிருந்து ரயிலில் அவெய்ரோ போய், அங்கிருந்து பேருந்தில் இலியாவு என்ற சின்ன ஊருக்குப் போனேன். அங்கே கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. உயிருள்ள காட் மீன்கள் நீந்தும் பெரிய தொட்டியும் உண்டு. ஆனால் நான் வெகுநேரம் நின்றது டோரி என்னும் தோணிக்கு முன்னால். தட்டையான அடிப்பகுதி கொண்ட மரத்தோணி. ஒன்றுக்குள் ஒன்றாகக் கிண்ணம்போல் அடுக்கிக் கப்பல் தளத்தில் ஏற்றிப் போவார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, கிரீன்லாந்து பக்கம் போனதும் விடியும் முன்னே ஒவ்வொன்றாகக் கடலில் இறக்குவார்கள். ஒரு தோணிக்கு ஒரே ஓர் ஆள்.

அந்த ஒரே ஆள் பனிக்கடலில் துடுப்புப் போட்டுத் தள்ளிப்போய், நூற்றுக்கணக்கான தூண்டில் கோத்த நீளக் கயிற்றை இறக்கி, பிறகு கையாலேயே இழுக்க வேண்டும். தோணி நிறைந்ததும் கப்பலைத் தேடித் திரும்ப வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் கப்பலின் ஊதல் சத்தம்தான் வழிகாட்டி. சிலர் திரும்பவே இல்லை. திரும்பியவர்களுக்கும் வேலை முடியாது. பிடித்த மீனை அன்றே பிளந்து, சுத்தம் செய்து, உப்பிட வேண்டும். இப்படி ஏறக்குறைய ஆறு மாதம், வருடா வருடம். இரண்டாம் உலகப் போரில் நடுநிலை நாடு என்று தெரிவதற்காக அந்தக் கப்பல்களுக்கு வெள்ளை அடித்தார்கள். வெள்ளைக் கப்பற்படை என்ற பெயர் நிலைத்துவிட்டது. இந்தத் தோணி மீன்பிடிப்பு 1974 வரை நடந்தது. ஏதோ பழங்காலக் கதை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

தோணிக்குள் எட்டிப் பார்த்தேன். கால் நீட்டினால் எதிர்ப் பலகை இடிக்கும்.

அன்று மாலை விடுதியில் பொறுமை அத்தியாயத்தை மறுபடி புரட்டினேன். மதியச் சாப்பாடு இரண்டு மணி நேரம் நீள்வதும், வரிசையில் யாரும் முகம் சுளிக்காததும் அதில் வந்தன. ஏக்கம் அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ரத்தத்தில் எங்கே இருக்கிறது? ஆறு மாதம் கரையில் காத்திருந்த பெண்களின் பொறுமையையும் ஏக்கத்தையும் பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால், அவர்கள் பட்டதெல்லாம் என்ன ஆகும்?

இன்னொன்றையும் இலியாவுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் காட் மீன் பிடிக்கத் தொடர்ந்து பல பருவங்கள் போனால் கட்டாய இராணுவ சேவையிலிருந்து விலக்கு கிடைத்தது. 1961இல் போர்ச்சுகலின் ஆப்பிரிக்கக் காலனியான அங்கோலாவிலும், பிறகு கினி-பிசாவிலும் மொசாம்பிக்கிலும் காலனியப் போர் வெடித்தபோது, பல இளைஞர்கள் அந்தப் போருக்குப் பயந்துதான் தோணியில் ஏறினார்கள். அந்தப் பனிமூட்டமே தேவலை என்று நினைக்க வைத்த போர் அது.

அந்தப் போரில் சலித்த இளம் இராணுவ அதிகாரிகள்தான் 1974 ஏப்ரல் 25 அன்று, 48 வருட சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள். செலஸ்த் கயேய்ரோ என்ற உணவக ஊழியர், சிகரெட் கேட்ட சிப்பாயிடம் அது இல்லாமல் கையிலிருந்த கார்னேஷன் பூவைக் கொடுக்க, அவர் அதைத் துப்பாக்கிக் குழலில் செருகிக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கும் ரொம்பப் பிடித்த கதை. புத்தகம் அதை மென்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறது: புரட்சியைக்கூடப் பூவால் செய்யும் மக்களாம். சரி, அந்த 48 வருடம்? லிஸ்பன் தேவாலயத்துக்குப் பக்கத்தில் அல்ஜூப் என்ற பழைய அரசியல் சிறை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. ஓர் ஆள் படுத்தால் நிறைந்துவிடும் அறைகள் அதில் இருந்தன. துப்பாக்கியில் பூ வைத்தவர்கள் எதிலிருந்து வெளியே வந்தார்கள் என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன். எனக்கு அந்தப் பூவின் மேல் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

நியாயமாகச் சொன்னால், விருந்தோம்பல் பற்றி எழுதியது உண்மை. அவெய்ரோவில் வழி கேட்ட எனக்காக ஒரு பாட்டி பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தார். முட்டை மஞ்சள்கரு வழியும் பெலேம் பேஸ்ட்ரி பற்றிச் சொன்னதிலும் மிகை இல்லை.

கடைசி நாள் லிஸ்பனில் அந்தோனியு மரியா கர்தோசு தெருவுக்குப் போனேன். ரகசிய போலீஸின் தலைமையகம் இருந்த தெரு. அந்த ஏப்ரல் 25 அன்றே, வெளியே திரண்ட மக்கள்மேல் உள்ளிருந்து சுட்டார்கள். நான்கு பேர் செத்தார்கள். கட்டடம் இப்போது சொகுசுக் குடியிருப்பு. சுவரில் அந்த நால்வரின் பெயர் பொறித்த கல் இருக்கிறது. படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் மணியடித்தபடி மஞ்சள் டிராம் ஏறி வந்தது. எண் 28. புத்தகம் ஆசை ஆசையாக வர்ணிக்கும் அதே டிராம். அதில் நான் அந்த வாரம் இரண்டு முறை இந்தக் கல்லைத் தாண்டிப் போயிருக்கிறேன்.